அந்த விளம்பரப் படத்தில் இருப்பது நாங்கள்தான்

போன வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து தோழியின் தங்கை போன் செய்தாள். வருகிற தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "அக்கா, பாண்டியில ஒரு டிராவல்ஸ்காரர் ஸ்டேட்டஸ்ல நீங்களும் மாமாவும் மாலத்தீவுல நிக்கிற போட்டோ பார்த்தேன். நாங்களும் அவர்கிட்டயே புக் பண்ணலாம்னு இருக்கோம். நல்லா கவனிச்சாங்களாக்கா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. எங்களை ஏமாற்றிய ஆள், எங்கள் படத்தைக் காட்டியே அடுத்த ஜோடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை மாதம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கு இது வேண்டியதுதான். இனியாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்யாணம் 2025 தை மாதம், திருவந்திபுரம் கோயிலில். நான் கடலூர் மஞ்சக்குப்பம், அவர் புதுச்சேரி முதலியார்பேட்டை. தேனிலவுக்கு ஊட்டி போதும் என்றுதான் நான் சொன்னேன். அவருக்கு நீலக்கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் அந்த மரக்குடில் ஆசை. புதுச்சேரியில் நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிராவல்ஸ். ஏசி அறை, சுவர் முழுக்கக் கடல் படம், போனதும் இளநீர். நான்கு இரவு, ஐந்து பகல்: இரண்டு இரவு தண்ணீர் மேல் குடில், இரண்டு இரவு கடற்கரைக் குடில், கடல் விமானத்தில் பயணம், சாப்பாடு, விமான டிக்கெட், எல்லாம் சேர்த்து இருவருக்கும் 1,70,000 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி 8,500, டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி 8,500, விசா ஆளுக்கு 3,500. மொத்தம் 1,94,000.

முன்பணம் 50,000 என் வீட்டுக்காரருடைய சம்பளத்தில் கட்டினோம். மீதியை மொய்ப்பணத்தில் கட்டினோம். மொய் என்பது இனாம் இல்லை, நோட்டுப் போட்டு எழுதிவைத்து ஒவ்வொருவர் வீட்டு விசேஷத்திலும் திருப்பிச் செய்யவேண்டிய கடன். அந்தப் பணத்தை ஒரு பெண்ணின் பெயரில் இருந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார் டிராவல்ஸ்காரர். "வீட்டுக்காரி நம்பர்தான் சார், கம்பெனி அக்கவுன்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு" என்றார். கம்பெனிக்கு ஏது லிமிட் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவர் கொடுத்த பயணத் திட்டத்தில் விடுதியின் பெயர் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தது. எங்கள் பணம் அந்தச் சின்ன எழுத்துக்குள்தான் போனது.

பெங்களூரு வழியாக மாலே விமான நிலையத்தில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. இருட்டிய பிறகு வந்து இறங்குகிறவருக்குக் கடல் விமானம் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு யாரும் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் போன் அடித்த பிறகு டிராவல்ஸ்காரர் எடுத்தார். "ரிசார்ட்ல சின்ன மெயின்டனன்ஸ் சார். அதுக்கு இணையான இடம் போட்டிருக்கேன். மாஃபுஷி. ஸ்பீட்போட்ல ஏறிடுங்க, நாளைக்கு மாத்திடறேன்."

ஸ்பீட்போட்டுக்கு ஆளுக்கு 25 டாலர் எங்கள் கையிலிருந்து. திரும்பி வரும்போதும் அதேதான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மாலத்தீவில் ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட்தான். உள்ளூர் மக்கள் வீடு, பள்ளி, மசூதி என்று வாழும் தீவுகள் வேறு. அங்கேயும் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, ரிசார்ட்டைவிட வாடகை மிகவும் குறைவு. மாஃபுஷி அப்படிப்பட்ட தீவு. அங்கே மது கிடையாது. நீச்சலுடைக்கென்று தனியாக ஒரு கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் உடம்பை மூடித்தான் நடக்கவேண்டும். அது அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. தெரிந்தே குறைந்த செலவில் போகிறவர்களுக்கு நல்ல இடம். புதுச்சேரி மாப்பிள்ளையைத் தேனிலவுக்கு மது கிடைக்காத ஊருக்கு அனுப்பிவிட்டார்களே என்று பிறகு நாங்களே சிரித்துக்கொண்டோம். அதைவிட வேடிக்கை, அந்தத் தீவில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. கடலூர் கேப்பர் மலை மத்தியச் சிறையைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தேனிலவும் சிறைச்சாலை ஊரில்தான் என்று எழுதியிருக்கிறது போல.

எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர் டேங்க். பாவம், விடுதிப் பையன் தங்கமானவன். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். பதிவு செய்ததே நான்கு நாட்களுக்கு முன்புதான், ஒரு இரவுக்கு 60 டாலர், காலைச் சாப்பாடு மட்டும். நாங்கள் பணம் கட்டி முடித்து அதற்குள் பதினைந்து நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியானால் அந்த ரிசார்ட்டில் அவர் அறையே எடுக்கவில்லை. மராமத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றுலாப் பயணிகளிடம் அங்கே வாங்கும் பசுமை வரி ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர், நான்கு இரவுக்கு 48 டாலர். அதையும் நாங்களே கட்டினோம்.

மறுநாள் காலை டிராவல்ஸ்காரரிடமிருந்து செய்தி: "சார், ரெண்டு பேரும் கடல் பக்கம் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. ரிசார்ட்காரங்ககிட்ட காட்டிப் பேசணும்." நாங்களும் படகுத்துறையில் சிரித்துக்கொண்டு நின்று எடுத்து அனுப்பினோம். அந்தப் படம்தான் இப்போது ஸ்டேட்டஸில் இருக்கிறது.

அறை மாறவில்லை. மூன்றாம் நாளிலிருந்து போனையும் எடுக்கவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கடல் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது, கண்ணாடி மாதிரி. படகில் கூட்டிப்போய்த் தண்ணீருக்குள் ஆமை காட்டினார்கள். படகை அவர்கள் 'தோனி' என்கிறார்கள், கேட்டதும் நம் ஊர்த் தோணி நினைவு வந்தது. காலைச் சாப்பாட்டுக்கு சூரை மீனை உதிர்த்துத் தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தந்தார்கள். கடலூர் முதுநகர் மீன் ருசியில் வளர்ந்த எனக்கு அது ஒன்றே ஆறுதல்.

ஊரிலிருந்து மாமியாரின் அக்கா வீடியோ காலில் வந்து, "ஏம்மா, தண்ணி மேல வீடு எங்கம்மா? காட்டு" என்று கேட்டபோதுதான் கஷ்டமாகிவிட்டது. அவர் 5,001 ரூபாய் மொய் எழுதியவர். "சிக்னல் இல்ல பெரியம்மா" என்று சொல்லி வைத்தேன். டேங்க் தெரியாமல் படத்தை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்த ஆள் எங்களிடம் செய்ததை நான் என் சொந்தக்காரர்களிடம் செய்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்த பிறகு தெரிந்தவை இன்னும் மோசம். மாலத்தீவில் சுற்றுலா விசா அங்கே போய் இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். பயணத்துக்கு முன் 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பவேண்டிய படிவமும் இலவசம், அதை என் வீட்டுக்காரரேதான் நிரப்பினார். அப்படியானால் விசாவுக்கு என்று வாங்கிய 7,000 எதற்கு? வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வாங்கும் டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்டப்படவேண்டும், கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஜூன் மாதம், நம் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தோம். ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பிறகு பில்லை எடுத்துப் பார்த்தால் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. வரி என்று சொல்லி வாங்கியதும் அவர் பைக்குத்தான் போயிருக்கிறது.

நெல்லிக்குப்பத்துத் தங்கையிடம் நான் சொன்னது இதுதான். முன்பணம் கட்டும் முன் தீவின் பெயர், விடுதியின் பெயர், எந்த வகை அறை, படகா விமானமா என்பதை எழுதி வாங்கு. "இணையானது" என்ற சொல்லை அடிக்கச் சொல். முழுப்பணம் கட்டும் முன் அந்த விடுதிக்கு நீயே மெயில் போட்டு, உன் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேள். கம்பெனி பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்பு. இதெல்லாம் கேட்டால் அந்த ஆள் முகம் சுளித்தால், எழுந்து வந்துவிடு.

நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்தோம். அதன் பிறகு டிராவல்ஸ்காரர் 20,000 ரூபாய் அனுப்பிவிட்டு, "இதோட முடிச்சுக்கலாம் சார்" என்றார். நாங்கள் முடிக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். என் அப்பா வீட்டு முகவரியிலா, அவர் வீட்டு முகவரியிலா என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் புதுச்சேரியில் போட்டிருக்கிறோம். பில், ஜிபே ரசீது, விடுதிப் பையன் அச்சடித்துக் கொடுத்த பதிவுத் தாள், எல்லாம் இணைத்தாயிற்று. பெரியம்மாவிடமும் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "டேங்க்கையாவது காட்டியிருக்கலாமேடி" என்றார்.

ஸ்டேட்டஸில் இருந்து படத்தை எடுக்கச் சொல்லி முந்தாநாள் செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.