நீலப்பசும்பாசி பார்க்க ஒரு நுண்ணோக்கி: மாணவர் ரகக் கருவி பற்றி என் மதிப்பீடு

அம்பாலாவில் தயாரான மாணவர் ரகக் கூட்டு நுண்ணோக்கி ஒன்றை 7,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஒற்றைக் கண்ணருகு லென்ஸ், 4, 10, 40, 100 மடங்குகளில் நான்கு பொருளருகு லென்ஸ்கள், எல்.இ.டி. விளக்கு; மின்சாரம் இல்லாத இடத்திலும் எரியும்படி உள்ளே ஒரு பேட்டரி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கிறேன். பள்ளி ஆய்வகக் கருவியை வெளியே எடுத்துப் போக முடியாது. எனக்கு வேண்டியது வயலுக்கும் குளக்கரைக்கும் உப்பளத்துக்கும் கூடவே வரும் கருவி. நீலப்பசும்பாசிகள் மீது, அதாவது இன்றைய பாடநூல்கள் சயனோபாக்டீரியங்கள் என்று சொல்லும் உயிர்கள் மீது, எனக்குத் தீராத ஈடுபாடு. எந்த நீரில் எது வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று பார்ப்பதற்காகவே இதை வாங்கினேன். அந்த ஒரு வேலையை வைத்தே இதை எடைபோடுகிறேன். வெங்காயத்தோல் பார்க்கவும் இரத்தத் துளி பார்க்கவும் வாங்குகிறவர்களுக்கு அளவுகோல் வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் ‘1000 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். பாசி பார்ப்பவருக்கு உழைக்கும் லென்ஸ் 40 மடங்கு லென்ஸ்தான்; கண்ணருகு லென்ஸின் 10 மடங்கோடு பெருக்கினால் அது 400 மடங்கு. அதன் பக்கவாட்டில் 0.65 என்று பொறித்திருக்கும்; நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனைக் குறிக்கும் எண் அது. ஏறத்தாழ அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை அது பிரித்துக் காட்டும். குளங்களில் கூட்டங்களாக மிதக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசியின் செல் ஒன்று பெரும்பாலும் 3 முதல் 6 மைக்ரான் வரை இருக்கும். இழையாக வளரும் ஆசிலட்டோரியா என்ற வகையின் இழைகளில் பல அதைவிடத் தடிமனானவை. ஆகவே இனத்தை அடையாளம் காண வேண்டியதில் பெரும்பகுதி 400 மடங்கிலேயே கிடைத்துவிடும். என் கருவியின் 40 மடங்கு லென்ஸ் நடுப்பகுதியில் கூர்மையாகவும் ஓரத்தில் சற்று மங்கலாகவும் காட்டுகிறது. இந்த விலைக்கு அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்லைடை வைக்கும் மேடைக்குக் கீழே இருக்கும் ஒளிக்குவிப்பானும், ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் திரையும் லென்ஸைப் போலவே முக்கியம். மலிவான மாதிரிகள் சிலவற்றில் துளையிட்ட ஒரு தட்டு மட்டும் இருக்கும்; அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பாசிகளின் புறத்தே இருக்கும் கூழ் உறை கண்ணாடி போன்ற தெளிவுடையது. முழு வெளிச்சத்தில் தெரியாது. ஐரிஸைப் பாதிக்குமேல் மூடினால் உறையின் விளிம்பு மெல்லக் கோடாக எழுந்து வரும். லிங்பியா என்ற இழைவகைக்கு உறுதியான உறை உண்டு. ஆசிலட்டோரியாவுக்குப் பொதுவாக இல்லை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே ஐரிஸ் நன்றாக இயங்கும் கருவியாகத் தேட வேண்டும். என்னுடையதில் அது வழுக்காமல், வைத்த இடத்தில் நிற்கிறது.

கோயில் குளத்து நீரில் இதைச் சோதித்துப் பார்த்த அனுபவம் நிறைவானது. கோடையில் எங்கள் பகுதிக் குளங்கள் சிலவற்றின் மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல ஒரு படலம் படியும். ஒரு குச்சியை விட்டு எடுத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் பச்சைப்பாசி, சாயம் பூசியதுபோலக் குச்சியில் ஒட்டினால் நீலப்பசும்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். மீதிப் பாதிக்குத்தான் நுண்ணோக்கி. 10 மடங்கு லென்ஸில் ஓட்டைகள் விழுந்த, ஒழுங்கற்ற கூட்டங்கள் தெரிந்தன. 40க்கு மாற்றியதும் நூற்றுக்கணக்கான உருண்டைச் செல்கள். ஒவ்வொன்றிலும் கருத்த, மினுமினுக்கும் புள்ளிகள். மைக்ரோசிஸ்டிஸ் என்று அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும். அவை வாயு நிரம்பிய நுண்குமிழிகளின் திரள்கள். அவற்றின் உதவியால்தான் இப்பாசி மேலே மிதந்து, வெயிலைத் தானே எடுத்துக்கொண்டு, கீழே இருப்பவற்றை நிழலில் தள்ளுகிறது.

1895இல் கிளேபான் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் செய்த சோதனையை மாணவர்களோடு செய்து பார்க்கலாம். பாசி நீரைக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, கார்க்கால் இறுக மூடி, புட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டு கார்க்கின் மேல் சுத்தியலால் ஓங்கித் தட்ட வேண்டும். அழுத்தத்தில் குமிழிகள் நொறுங்கிவிடும். மிதந்த பாசி அடியில் போய்த் தங்கும். தட்டுவதற்கு முன் ஒரு துளி, தட்டிய பின் ஒரு துளி என்று இந்தக் கருவியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். முன்னதில் கருமை மினுமினுப்பு. பின்னதில் அது மறைந்து, வெளிறிய நீலப்பச்சை மட்டும். 400 மடங்கில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பிளஸ் ஒன் மாணவிகள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நெல்வயல்தான் இந்தக் கருவிக்கு நான் வைத்த பெரிய தேர்வு. நெல்வயல் மண் எப்படித் தொடர்ந்து வளத்தைக் காத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு, நீலப்பசும்பாசிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து, பயிருக்கு உதவும் வடிவில் நிலைப்படுத்துவதே முக்கியக் காரணம் என்று 1939இல் பி.கே. டே என்ற ஆய்வாளர் எழுதினார். அதை ஏட்டில் படிப்பது வேறு, சம்பா நடவு முடிந்த வயலில் வரப்போரம் குந்தி, நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு பச்சைக் கூழ் உருண்டையை எடுத்து கவர்ஸ்லிப்பால் நசுக்கிப் பார்ப்பது வேறு. குளோயோட்ரிக்கியா அது. நடுவிலிருந்து நாலாபுறமும் விரியும் இழைகள். ஒவ்வொன்றும் வெளிப்புறம் போகப் போகச் சாட்டை நுனியாக மெலியும். அடியில் ஒரு வெளிறிய செல். அந்த வெளிறிய செல்தான் ஹெட்டிரோசிஸ்ட். தடித்த சுவர், பக்கத்துச் செல்லைத் தொடும் முனையில் பளிச்சென்று ஒரு கணு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும் என்பதால், ஆக்சிஜனை வெளியிடும் வேலையையே இந்தச் செல் விட்டுவிடுகிறது. உணவைப் பக்கத்துச் செல்களிடமிருந்து பெறுகிறது. நைட்ரஜனை அவற்றுக்குக் கொடுக்கிறது. அந்த முனைக்கணு 40 மடங்கு லென்ஸிலேயே தெரிகிறதா என்பதை வைத்து எந்த நுண்ணோக்கியையும் நீங்கள் சோதிக்கலாம். என் கருவி தேறியது.

அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணியை வளர்க்கும் தொட்டி உங்கள் தெருவிலேயே இருந்தால் இன்னும் எளிது. ஓர் இலையை ஊசியால் கிழித்து ஒரு துளி நீரில் நசுக்குங்கள். இலைப்பொந்துகளில் குடியிருக்கும் அனபீனா என்ற நீலப்பசும்பாசியின் இழைகள் வெளியே சிந்தும். மணிமணியான செல்களுக்கு நடுவே ஹெட்டிரோசிஸ்ட்டுகள். வயல் நீரில் தனியாக வாழும் அனபீனாவைவிட இதில் அவை மிக அடர்த்தியாக வரும். விருந்தாளியாக இருப்பதால் அதன் வேலையே நைட்ரஜன் தருவதாகிவிடுகிறது.

பக்கத்து வயல்காரர் நான் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, “டீச்சர், இந்தப் பாசியை அரித்துக் கரையில் போட்டுவிடலாமா?” என்று கேட்டார். அவரையே கண்ணருகு லென்ஸில் பார்க்கச் சொன்னேன். ஹெக்டேருக்கு 10 கிலோ என்ற அளவில் நடவுக்குப் பத்து நாள் கழித்து நீலப்பச்சைப்பாசி (நீலப்பசும்பாசிதான்) பொடி இடும்படி வேளாண்மைத் துறையினர் சொல்வதை அவர் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பொடியில் இருப்பது இதுதான் என்று அப்போதுதான் கண்டார். அரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டார். பேட்டரிக்காகக் கொடுத்த கூடுதல் பணம் எனக்கு அந்த வரப்பிலேயே வசூலாகிவிட்டது.

பேட்டரியின் அருமை கடலோரத்தில் இன்னும் விளங்கும். ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கடலில் மரத்தூள் தூவியதுபோல மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பசும்பாசி எடுத்த கொஞ்ச நேரத்திலேயே சிதைந்து நிறம் கழன்றுவிடும். வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்கலாம் என்பது நடக்காது. கரையிலேயே பார்த்தால் இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருப்பது முழுசாகத் தெரியும். ஹெட்டிரோசிஸ்ட் இல்லாமலே பகலில் நைட்ரஜனைப் பிடிக்கும் அரிய உயிர் இது.

வேதாரண்யம் உப்பளத்தில் நடந்தால் பாத்திக்குப் பாத்தி உயிர்கள் மாறுவதைப் பார்க்கலாம். கடல் நீர் முதலில் வந்து தேங்கும் பாத்திகளின் அடியில் வழவழப்பான பாசிப் பாய் விரிந்திருக்கும். ஒரு துண்டை எடுத்து ஊசியால் பிரித்தால் போர்மிடியம், ஆசிலட்டோரியா, ஒரே உறைக்குள் பல இழைகள் கயிற்றுப் புரிகளாக முறுக்கிக்கொண்ட மைக்ரோகோலியஸ் எல்லாம் கலந்து வரும். உப்பு ஏற ஏற இவை ஒவ்வொன்றாக விலகும். அடர் உப்புநீரில் அபனோதீக்கே போன்ற சில தாக்குப்பிடிக்கும். உப்பு விளையும் பாத்திகளில் தெரியும் சிவப்பு நீலப்பசும்பாசியின் வேலை அல்ல. அது டுனாலியெல்லா என்ற பச்சைப்பாசிக்கும் உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள் என்ற நுண்ணுயிர்களுக்கும் உரியது. ஒரே நாளில், சில நூறு மீட்டர் நடைக்குள், உப்பின் அளவு உயிர்களைச் சலித்துப் பிரிப்பதைக் கண்ணால் கண்டது இந்தக் கருவியால்தான். உப்புக்காற்றுக்குப் பிறகு லென்ஸையும் மேடையையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்த மறக்கக் கூடாது, திருகுகள் துருப்பிடிக்கும்.

இனி இது காட்டாதவை. பெருங்கடல்களில் எண்ணிக்கையில் மிகுந்து வாழும் புரோகுளோரோகாக்கஸ் என்ற நீலப்பசும்பாசி ஏறத்தாழ 0.6 மைக்ரான்தான், அதை 1980களில் கண்டுபிடித்ததே செல்களின் ஒளிர்வை அளக்கும் கருவியால். மாணவர் நுண்ணோக்கியில் அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். அதைவிட முக்கியமான ஒன்று: மைக்ரோசிஸ்டிஸ் தெரிந்தால் நீரில் நஞ்சு இருக்கிறது என்றோ, நஞ்சு இல்லை என்றோ இக்கருவியால் சொல்ல முடியாது. ஒரே சிற்றினத்தில் நஞ்சு சுரப்பவையும் உண்டு, சுரக்காதவையும் உண்டு. உருவத்தில் வேறுபாடு கிடையாது. இது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு உச்ச அளவு. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட நீரில் இந்த நஞ்சு கலந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆகவே பச்சைப்படலம் படிந்த குளத்தில் ஆடுமாடுகளை விடாதீர்கள், குழந்தைகளை இறங்கவிடாதீர்கள். நுண்ணோக்கியில் பார்த்த பிறகு சந்தேகம் எழுந்தால் நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவதே வழி.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். 100 மடங்கு லென்ஸ் ஏமாற்றம்தான். எண்ணெய் விட்டுப் பார்த்தாலும் படம் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கிறது. ஒளிக்குவிப்பானை நடுப்படுத்தும் திருகுகள் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய குவியத் திருகு நாளடைவில் தளர்ந்து, மேடை தானாக இறங்கத் தொடங்கியது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு பக்கக் குமிழ்களையும் எதிரெதிராகத் திருகி இறுக்கும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அதன் பின் சரியாக நிற்கிறது. கூடவே தந்த கைப்பேசிப் பிடிப்பான் எதற்கும் உதவாது. விளக்கின் வெண்மையில் நீலம் தூக்கலாக இருப்பதால் பச்சைப்பாசிகூடச் சற்று நீலமாகத் தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல், பச்சையம் செல் முழுக்கப் பரவியிருக்கிறதா, தனிப் பசுங்கணிகத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீர்த்த அயோடின் ஒரு துளி விட்டால் பச்சைப்பாசியின் ஸ்டார்ச் கருநீலமாகும். நீலப்பசும்பாசி அப்படி ஆகாது.

வாங்கும்போதே கண்ணருகு லென்ஸுக்குள் வைக்கும் அளவுகோலையும், அதைச் சரிபார்க்கும் 1 மில்லிமீட்டர் அளவுகோல் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். பெயர் வைப்பதற்கு இழையின் அகலம் தெரிந்தாக வேண்டும். இந்திய நீலப்பசும்பாசிகளுக்கு நாம் இன்றும் புரட்டும் நூல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் தந்த ‘சயனோபைட்டா’. அதில் சிற்றினங்களைப் பிரிக்கும் இடத்தில் எல்லாம் மைக்ரான் கணக்குதான். பிற்கால ஆய்வுகளில் பல பெயர்கள் மாறிவிட்டன. நீரில் மிதந்து வாழும் அனபீனாக்களில் பல இப்போது டோலிகோஸ்பெர்மம். ஆனால் அளவுகளும் படங்களும் அப்படியே பயன்படுகின்றன.

தாவரவியல் ஆசிரியர்களும், கல்லூரி மாணவர்களும், தம் வயல் நீரை அறிய விரும்பும் விவசாயிகளும் இதை வாங்கலாம். 100 மடங்கு லென்ஸ் இல்லாமல் 40 வரை மட்டும் உள்ள மாதிரி குறைந்த விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் அளவுகோல்களும் கவர்ஸ்லிப் பெட்டிகளும் வாங்கிவிடலாம்.