சுக்குப் பத்தா, கோடாலித் தைலமா, காப்பி ஓவா?

எங்கள் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் மூன்று கட்சி கிளம்பிவிடும். அம்மா சுக்கை எடுத்துக்கொண்டு உரைகல்லைத் தேடுவார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கோடாலித் தைலத்தை நீட்டுவார். அப்பாவுக்கு எல்லாத் தலைவலிக்கும் ஒரே மருந்து, கீழே காப்பிக்கடையில் ஒரு காப்பி ஓ, அதாவது பால் விடாத கறுப்புக் காப்பி. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு, பகல் என்று மாறி மாறி ஷிப்டு பார்க்கிறவள் நான். மாதத்தில் நாலைந்து நாள் தலைவலி வந்துவிடும். அதனால் மூன்று கட்சிக்கும் சோதனை எலி நான்தான்.

எது நல்லது என்று பல வருடம் குழம்பியதற்குக் காரணம், எனக்கு வருவது இரண்டு வேறு தலைவலி என்பது தெரியாமல் இருந்ததுதான். ஒன்று, தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல இரண்டு பக்கமும் வருவது. கழுத்தும் தோளும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், ஆனால் வேலையைப் பார்க்க முடியும். இன்னொன்று ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் ஒரு பக்கம் விண் விண் என்று தெறிக்கும், வயிற்றைப் புரட்டும், வெளிச்சம் ஆகாது, மாடிப்படி ஏறினால் கூடும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை போட்டுப் பார்த்துவிடும்.

கயிறு கட்டிய வலிக்கு அண்ணன் கட்சிக்குத்தான் என் ஓட்டு. கோடாலித் தைலம் 1928 முதல் சிங்கப்பூரிலிருந்து வருகிற சரக்கு. மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எல்லாம் சேர்ந்தது. வாசனையில் மயங்கி நன்றாயிருக்கிறது என்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. ஆனால் மென்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, வலி கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. 1996-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது. ஆல்கஹாலில் கலந்த 10 சதவீதப் புதினா எண்ணெயை நெற்றியிலும் கன்னப் பொட்டிலும் தடவியபோது, 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஏறக்குறைய ஈடாக இந்த இறுக்க வலி குறைந்ததாம். புதினா எண்ணெயிலும் முக்கியச் சரக்கு மென்தால்தான். நெற்றி, பொட்டு, பிடரி என்று இரண்டு மூன்று சொட்டு போதும். ஒருமுறை தைலக் கையோடு கண்ணைக் கசக்கிவிட்டு அரை மணி நேரம் குழாயடியில் நின்றேன், தலைவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் குழந்தை பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஒற்றைத் தலைவலிக்குத் தைலம் எனக்கு எடுபடுவதில்லை, அந்த வாசனையே குமட்டலைக் கூட்டுகிறது. இங்கே சுக்கு ஜெயிக்கிறது, ஆனால் அம்மா நினைக்கிற வழியில் இல்லை. பத்து என்பது தோலில் ஓர் எரிச்சலை உண்டாக்கி, உள்ளே இருக்கிற வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிற வேலை. காய்ந்ததும் நெற்றி இழுக்கும், அதிக நேரம் விட்டால் தோல் சிவந்துவிடும். உள்ளே போகிற சுக்கின் கதை வேறு. 2014-ல் வெளிவந்த ஈரான் ஆய்வு ஒன்றில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 100 பேரில் பாதிப் பேருக்குச் சுமாட்ரிப்டான் என்கிற ஒற்றைத் தலைவலி மாத்திரை, மீதிப் பேருக்கு 250 மில்லிகிராம் சுக்குத் தூள். அதாவது ஒரு சிட்டிகை. இரண்டு மணி நேரத்தில் வலி குறைந்தது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, தொந்தரவு சுக்கில் குறைவு. மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த மூன்றாவது அணி அதில் இல்லை, அதனால் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். ஆனாலும் குமட்டலை அடக்குவதில் சுக்கு கெட்டிக்காரன், அது ஒன்றே எனக்குப் பாதி நிம்மதி. ‘சுக்குக்குப் புறம் நஞ்சு’ என்பார்கள், தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்பாவின் காப்பி ஓ இரண்டு பக்கமும் கூரான கத்தி. காஃபின் வலி மாத்திரைக்குக் கைகொடுக்கும், சில மாத்திரைகளிலேயே அதைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஆனால் தினமும் மூன்று நான்கு குடித்துப் பழகியவர் ஒருநாள் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை பிளக்கத் தொடங்கும். அப்போது ஒரு காப்பி குடித்ததும் வலி போகும், ‘பார்த்தியா, காப்பிதான் மருந்து’ என்பார் அப்பா. நோயைக் கொடுத்ததும் அதுதான்! தைப்பூச விரதம் தொடங்கிய இரண்டாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி என்பது என் ஊகம். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயில் படியை நிம்மதியாக ஏறலாம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தூக்கத்துக்கு நல்லது, வந்த வலிக்கு ஒன்றும் செய்வதில்லை. நொச்சி ஆவி மூக்கடைப்புக்குச் சரி. சைனஸ் என்று ஆவி பிடித்துக்கொண்டே இருக்கிற பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி. ஜார்ஜ் டவுனில் சீன அக்குபங்சருக்குப் போய்ப் பலன் கண்ட தோழிகள் உண்டு, எனக்கு ஊசி என்றால் பயம்.

லிட்டில் இந்தியாவிலோ இரவுச் சந்தையிலோ புட்டியில் அடைத்த ‘தலைவலி மூலிகை’ வாங்கினால் மலேசிய அரசின் எம்.ஏ.எல். (MAL) மருந்துப் பதிவெண்ணைப் பாருங்கள், பாரம்பரிய மருந்தென்றால் கடைசியில் ஆங்கில ‘டி’ (T) இருக்கும். பதிவில்லாத சரக்கில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதெல்லாம் உண்டு. பனடால் (பாராசிட்டமால்) கட்சிக்காரர்களுக்கும் ஒரு கணக்கு: மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதம் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி வந்தால் இந்தப் போட்டியையே மூட்டை கட்டுங்கள். நம்ம ஊரில் அது டெங்கியாக இருக்கலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் எதுவும் போடாமல் கிளினிக்குக்குப் போய் ரத்தம் பாருங்கள். இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் வருகிற வலி, கழுத்து விறைப்பு, கைகால் மரத்தல், வாய் குழறல் என்றால் நேராக அவசரப் பிரிவுதான்.

அம்மா இன்னும் கல்லில்தான் உரைக்கிறார். ‘நெற்றியில போடறேன்மா’ என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போவேன். பேருக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, மீதியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிப் படுத்துவிடுவேன். எழுந்து வந்ததும், ‘பத்து கேட்டுச்சு பார்த்தியா?’ என்பார்.