ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: டூயல் பூட்டா, விர்ச்சுவல் பாக்ஸா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் நியாயமான வழிதான். ஆனால் மீன் வியாபாரக் கணக்கை விண்டோஸில் ஓடும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் வைத்திருப்பவரால் விண்டோஸை அடியோடு கைவிட முடியாது. கணக்கு மட்டும் இணையத் தொடர்பில்லாத விண்டோஸில், வங்கி, அஞ்சல் முதலிய இணைய வேலைகள் லினக்ஸில் என்று பிரித்துக்கொள்வதே அவருக்குப் பொருந்தும்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

விர்ச்சுவல் பாக்ஸில் ஓர் இயங்குதளம் மற்றொன்றுக்குள் சாதாரணச் செயலியைப் போல ஓடுவதால், பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் பகுதிப் பிரிவினையை, தொட வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். ஆனால் ரேமை இரண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இரண்டுமே திணறும் என்பதால், 8 ஜிபிக்குக் குறைவானவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டூயல் பூட் என்பது இரண்டையும் தனித்தனியே நிறுவி, கணினியைத் தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இதில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே ஓடுவதால் முழு ரேமும் அதற்கே கிடைக்கும். மாறுவதற்கு ஒவ்வொரு முறையும் கணினியை மறுபடி தொடங்க வேண்டும் என்பதைவிட, நிறுவும்போது கவனிக்காமல் விடும் சில விஷயங்களே பெரிய தொல்லை. விரைவாகத் தொடங்குவதற்கான விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்காவிட்டால், விண்டோஸ் தன் என்டிஎஃப்எஸ் வகைப் பார்ட்டிஷனை முழுமையாக மூடப்படாத நிலையில் விட்டுச் செல்லும். அதில் லினக்ஸிலிருந்து கோப்பைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், லினக்ஸை நிறுவிய பின் விண்டோஸ் கேட்கக்கூடும் என்பதால், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்.

கடிகாரக் குழப்பம் கணக்கு வைப்பவர்களைத்தான் அதிகம் பாதிக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொள்வதால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். இணையத்தில் இணைந்த கணினி சற்று நேரத்தில் தானே சரிசெய்துகொள்ளலாம். இணையமில்லாத விண்டோஸில், அதிகாலை 4 மணிக்கு ஏலம் எடுத்த மீனுக்கான பில்லில் முந்தைய நாள் இரவு 10.30 என்று பதிவாகிவிடும். உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸை ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.

பைதான் பழகும் கல்லூரி மாணவருக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் தரும் டபிள்யூஎஸ்எல் போதும். கடைக் கணினிக்கு நான் டூயல் பூட்டையே தேர்ந்தெடுப்பேன், அதுவும் லினக்ஸுக்குத் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு, இரண்டையும் ஒரே டிஸ்க்கில் நெருக்காமல்.