பெரிய எழுத்து ஒத்துவாக்கியப் பைபிள்: ஜிப்பைத் தவிர எல்லாம் நல்லாயிருக்கு

ஈரோட்டில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கினது. பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு), பெரிய எழுத்து, ஓரத்தில் ஒத்துவாக்கியம் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு), ரெக்சின் உறை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாங்க, ஆனால் உறையைப் பார்த்து மயங்கிவிடாதீங்க.

ஜிப் சீக்கிரமே கையோடு வந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு "அது அப்படித்தாங்க வரும்" என்று பதில். தாளும் ரொம்ப மெல்லிசு, மார்க்கர் போட்டால் பின்பக்கம் ஊறிவிடும், பென்சில்தான் சரி. நடுவில் இருக்கும் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் மேசையில் தானாகப் படுத்துக்கொள்கிறது, முதல் புத்தகமான ஆதியாகமத்துக்கு ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் மறக்கடிப்பது அந்த ஓரத்து வரிசைதான். எங்கள் வீதி ஜெபக்கூட்டத்தில் மத்தேயு 4 எடுத்திருந்தோம், சோதனைக்காரனாகிய பிசாசுக்கு இயேசு மூன்று முறை பதில் சொல்கிற இடம். "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல" என்ற வசனத்துக்கு நேராக உபாகமம் 8:3 என்று போட்டிருக்கிறது, மற்ற இரண்டு பதிலுக்கும் உபாகமம் 6. ஆக, சோதனைக்காரனுக்கு இயேசு சொன்ன மூன்று பதிலுமே ஒரே புத்தகத்தில் மூன்று அதிகாரத்துக்குள் இருக்கிறது. பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்துக்கு நடுவில் ஓர் அக்கா உபாகமம் 6 முழுதையும் சத்தமாக வாசித்தார்கள், பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி, வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்று வருகிறதே அந்த இடம் வந்ததும், அன்றைக்கு வேறு பிரசங்கமே தேவைப்படவில்லை. செல்போன் செயலியிலும் இதெல்லாம் உண்டு, ஆனால் அதில் வாசிக்கிறபோதே நடுவில் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.

அதே கடையில் வாசலிலேயே வாக்குத்தத்த அட்டைகள் (கடவுள் தரும் வாக்குறுதி வசனம் ஒன்றை அச்சிட்டது) அடுக்கியிருக்கிறார்கள், பைபிள் உள்ளே கடைசி அலமாரியில். அட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. "சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்று எரேமியா 29:11-ஐ வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறோம், அதற்கு முந்தின வசனத்தில், அதைக் கேட்ட சிறைப்பட்ட ஜனங்கள் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று இருப்பதை எத்தனை பேர் பார்த்திருப்போம்? சபையிலும் இதே கதைதான், திரையில் ஒரு வசனம் மட்டும் வருகிறது, அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க மடியில் பைபிள் இல்லை. பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரர்கள் தினமும் வேதத்தைத் திறந்து சரிபார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17-ல் மெச்சி எழுதியிருக்கும்போது, போதகர் சொல்கிறதை நாம் சரிபார்த்தால் அது மரியாதைக் குறைவு ஆகாதுங்க.

அம்மா இப்போது கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறார்கள், எழுத்து அவ்வளவு தெளிவு. மொத்தம் 1189 அதிகாரம், தினமும் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். லேவியராகமத்தில் கொஞ்சம் இழுக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

வாங்குகிறவர்கள் ஜிப் இல்லாததாகக் கேளுங்க, புத்தகப் பெயர் ஓரத்தில் வெட்டிப் போட்டது கிடைத்தால் அதையே எடுங்க, ஒபதியா மாதிரி ஒரே அதிகாரம் உள்ள குட்டிப் புத்தகத்தைத் தேடுகிற வேலை மிச்சம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது கனம், அவர்கள் சின்ன சைஸ் பாருங்க.