பைலட் சுடர் மெலிந்தால்: பழைய புரோபேன் அடுப்போடு என் அனுபவம்

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், அடிராண்டாக் மலைப்பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. கொல்லையில் நிற்கும் 500 கேலன் புரோபேன் டேங்க்தான் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் அடுப்புக்கும். வீட்டோடு வந்த அடுப்பு பழைய ரகம்: மேலே நான்கு பர்னர், கீழே ஓவன், எந்நேரமும் எரியும் மூன்று பைலட் சுடர்கள் (குமிழைத் திருப்பியதும் பர்னரைப் பற்றவைக்கும் குட்டிச் சுடர்கள்). அமெரிக்காவில் 2012 ஏப்ரல் 9 முதல் தயாராகும் வீட்டு கேஸ் அடுப்புகளில் இப்படி நிரந்தரமாக எரியும் பைலட் கூடாது என்பது எரிசக்தித் துறையின் விதி. ஆனால் பழைய வீடு வாங்குகிறவர்கள் கைக்கு இந்த அடுப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பைலட் மெலிந்தால் அடுப்பு அதை ஒலியிலேயே சொல்லிவிடும். குமிழைத் திருப்பியதும் பற்ற வேண்டிய பர்னர் சும்மா இருக்கும். கேஸ் வாசனை மூக்கில் ஏறும். அப்புறம் 'பக்' என்று பிடிக்கும். அந்தச் சில நொடிகள் கேஸ் வெளியே தேங்குகிறது என்று அர்த்தம். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிப்போடவே கூடாது. மேல்தட்டைத் தூக்கிப் பார்த்தால் நல்ல பைலட் கூரான நீலத்தில், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். மெலிந்தது உளுந்தளவுக்குச் சுருங்கி, நுனி மஞ்சளாகி, மூச்சுக்காற்று பட்டாலே சாயும்.

ஓவன் பைலட் மெலிந்ததை எங்கள் வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது இட்லி மாவு. இந்தக் குளிரில் மாவு புளிக்க ஓவன் பைலட்டின் வெதுவெதுப்பை விட்டால் வேறு வழியில்லை. இரவு உள்ளே வைத்த பாத்திரம் காலையில் பொங்காமல் அப்படியே இருந்தது. அன்றே ஓவனும் பற்ற மறுத்தது. சுடர் சிறுத்துப்போனால் அதன் பக்கத்தில் இருக்கும் வெப்ப உணரி போதுமான சூடு பெறாது. உணரி சூடாகாவிட்டால் பாதுகாப்பு வால்வு பர்னருக்குக் கேஸ் விடாது.

இவ்வளவு காலம் புழங்கியதில் நான் தெரிந்துகொண்டது, பைலட்டுக்கு வரும் கேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியில் கை வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஒரு பைலட் மட்டும் மெலிந்திருக்கிறதா, எல்லாமேவா? பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எல்லாமே மெலிந்திருந்தால் அடுப்பைக் குடைந்து பயனில்லை, அழுத்தம் குறைந்திருக்கிறது. புரோபேன் −42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஜனவரியில் வெளியே −30 ஆகும்போது டேங்கில் ஆவியின் அழுத்தம் வெகுவாக இறங்கிவிடுகிறது. டேங்கும் காலியாகும் நிலையில் இருந்தால் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்ப்பரப்பு குறைந்து, ஆவியாவது இன்னும் மந்தமாகும். (ஊரில் நாம் பிடிக்கும் சிலிண்டரில் புரோபேனோடு பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே கொதிப்பது நின்றுவிடும் என்பதால் அந்தக் கலவை இங்கே எடுபடாது.) இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேல்தட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹீட்டர் ஓடத் தொடங்கும்வரை காத்திருங்கள். ஹீட்டர் பற்றியதும் பைலட் கண்ணெதிரே குறுகினால், கோளாறு டேங்கிலோ ரெகுலேட்டரிலோதான். எங்கள் வீட்டில் வெளிச்சுவர் ரெகுலேட்டரின் மூச்சுத்துளையைப் பனிக்கட்டி அடைத்திருந்தது. கேஸ் கம்பெனி டெக்னீஷியன் வந்து அதைச் சரிசெய்து, மானோமீட்டர் என்ற அழுத்தமானி வைத்து அடுப்புக்கு வரும் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். ரெகுலேட்டர் வேலை அவர்களுடையது; நாம் தொடக்கூடாது.

ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் பெரும்பாலும் அழுக்கு. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் வால்வை மூடி, எல்லாம் ஆறியபின் பைலட் முனையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அழுத்தக்காற்று டப்பாவால் ஊதினாலே பல தடவை சரியாகிவிடும். மசியாவிட்டால் கேஸ் வெளிவரும் துளையுள்ள பித்தளை ஜெட்டைக் கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்து, முழுக்க உலர்த்தி மாட்டுவேன். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடாதீர்கள். ஒரு கன அடி புரோபேனில் ஏறக்குறைய 2,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது, இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய 1,000தான். அதனால் புரோபேன் ஜெட்டின் துளையை முடியளவுக்குச் சிறிதாகப் போடுகிறார்கள். பித்தளை மிருதுவானது, ஊசி ஒரு சுற்று சுற்றினாலே துளை அகன்று, சுடர் மஞ்சளாகிப் புகைக்கரி அடிக்கத் தொடங்கும்.

சிலந்தியையும் சொல்ல வேண்டும். கேஸ் குழாய்களிலும் காற்றுத்துளைகளிலும் அவை வலை கட்டுவது இங்கே வழக்கமான தொல்லை. 2011-ல் மாஸ்டா நிறுவனம் பெட்ரோல் ஆவிக்குழாயில் சிலந்தி வலை அடைக்கிறது என்பதற்காகக் கார்களையே திரும்ப அழைத்தது. இலையுதிர் காலத்தில் டார்ச் அடித்து ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

கழற்றி மாட்டிய எந்த இணைப்பையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்த பிறகே பற்றவைக்கவும். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து நிலவறையில் போய்த் தேங்கும். வாசனை பலமாக இருந்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியே நின்று போன் செய்யுங்கள்.

சுத்தம், அழுத்தம் இரண்டும் சரியாக இருந்தும் சுடர் குட்டையாகவே இருந்தால் அப்போது மட்டும் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பலாம். அதிகம் திருப்பினால் மேல்தட்டு கை வைக்க முடியாதபடி சுடும், கேஸும் வீண்.

குறைகள் இருக்கின்றன. யாரும் சமைக்காதபோதும் கேஸ் செலவாகிறது, கோடையில் சமையலறை புழுங்குகிறது. ஆனாலும் மாற்ற எனக்கு மனமில்லை. 1998 ஜனவரியில் இந்தப் பக்கம் பனிமழை கொட்டி வாரக்கணக்கில் மின்சாரம் போனதை அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மின்சாரம் இல்லாமலே பற்றும் அடுப்பு இங்கே பெரிய காரியம். சமையலுக்கு மட்டும்தான், அதை வைத்து வீட்டைச் சூடாக்க முயன்றால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டியிருக்கிறோம்.