எம்ஃபிக்ஸ்: உமி பாய்லர் வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் இலவச மென்பொருள்

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். புழுங்கல் அரிசி ஆலை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அந்தச் சாம்பலில் எவ்வளவு சைக்ளோனில் (புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் கூம்புக் கலன்) விழுகிறது, எவ்வளவு புகைபோக்கி வழியாகப் பக்கத்து நாற்றங்காலில் போய் இறங்குகிறது என்பதில்தான் தகராறு. மன்னார்குடியில் எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி இந்தத் தகராறைத் தீர்ப்பதுதான். அதற்கு நான் நம்பி வைத்திருக்கும் கருவி, காற்றில் துகள்கள் போகும் போக்கைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் எம்ஃபிக்ஸ்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் என்.இ.டி.எல். ஆய்வகம் உருவாக்கியது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இதே வேலைக்கான வணிக மென்பொருள்களின் உரிமக் கட்டணம் எங்களைப் போன்ற பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. சைக்ளோன், ஹாப்பர் (நெல் கொட்டும் கூம்புத் தொட்டி) மாதிரி உருவங்களுக்கு அளவுகளைக் கொடுத்தாலே வரைந்து தரும் வசதியும் இதில் உண்டு.

வாயுவில் துகள்கள் போகும் போக்கைக் கணக்கிட முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, மோதலையும் கணக்கில் எடுப்பது டெம். பல துகள்களை ஒரு பொட்டலமாகக் கட்டிப் பின்தொடர்வது பிக். துகள் கூட்டத்தையே இன்னொரு திரவம் போல வைத்துக் கணக்கிடுவது இருபாய்ம மாதிரி. டெம் பார்க்க அழகு, ஆனால் காத்திருக்க வேண்டும். ஒரு மோதல் நடக்கும் நேரத்தையே ஐம்பது துண்டாக வெட்டி நகர்கிறது. என் கணினியில் சில விநாடி ஓட்டத்துக்கு ராத்திரி முழுக்கப் போய்விடும். நடுவில் கரண்ட் போனாலும் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம் என்பது நம் ஊருக்குப் பெரிய ஆறுதல்.

எனக்கு மிகவும் பிடித்தது மணல் படுகை வேலை. பெரிய ஆலைகளின் எஃப்.பி.சி. பாய்லரில், அதாவது காற்றில் கொதிக்கும் மணல் படுகையில் எரிக்கும் பாய்லரில், உமி தனியாகக் காற்றில் சரியாக மிதக்காது. மணலோடு சேர்ந்துதான் கொதிக்கும். காற்று மணலை எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு எர்கன் 1952இல் தந்த சமன்பாடு, வென்-யூ 1966இல் தந்த சமன்பாடு இரண்டையும் சேர்த்த கிடஸ்பாவ் மாதிரி இதில் இருக்கிறது. நான் எடுப்பது சியாம்லால்-ஓப்ரையன் என்ற இன்னொரு இழுவிசை மாதிரி. காரணம், அதில் நம் மணலில் அளந்த எண்ணை உள்ளே புகுத்த இடம் இருக்கிறது. அக்ரிலிக் குழாயில் சலித்த மணலைக் கொட்டி, அடியிலிருந்து காற்றை மெல்லக் கூட்டுவேன். அழுத்தம் காட்டும் யூ குழாயில் நீர்மட்ட வித்தியாசம் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும், மணல் தளரும். அந்தக் காற்று வேகம்தான் விடை. அதற்கு ஒத்துவரும்படி மாதிரியின் இரண்டு எண்களைத் திருத்தலாம். இப்படி அளக்காமல், மென்பொருளே கொடுத்திருக்கும் இயல்பு எண்களோடு ஓட்டி அழகான வண்ணப்படம் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆலைக்காரர் அந்தப் படத்தை நம்பி ஃபேன் வாங்குகிறார்.

சைக்ளோனுக்கு பிக் எடுக்கிறேன். எங்கள் மூத்த வெல்டர் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, நுழைவாயிலுக்கு எதிர்ச் சுவரில் விரலை வைத்து, “தம்பி, இங்கதான் தகடு ஓட்டை விழும்” என்றார். துகள்கள் வேகம் குறையாமல் போய் மோதும் இடம் அது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. தகட்டை அரம் மாதிரி ராவிவிடும். இன்னொரு இடம் கூம்பின் அடி. அங்கே சாம்பலை வெளியே தள்ளும் சுழல் வால்வு தேய்ந்து வெளிக்காற்று உள்ளே இழுத்தால், விழுந்த சாம்பலே திரும்ப மேலே ஏறும். மாதிரியில் அடியில் ஒரு சிறு காற்று நுழைவைக் கொடுத்து ஓட்டினால் கண் முன்னே தெரிகிறது. நீடாமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றில் பெரிய சைக்ளோன் கேட்டார்கள். இதைக் காட்டியதும் முதலில் வால்வை மாற்றச் சம்மதித்தார்கள்.

சரி, குறைகள். சைக்ளோனில் காற்று கடுமையாகச் சுழலும். எம்ஃபிக்ஸ் தரும் கே-எப்சிலான் கொந்தளிப்பு மாதிரி அந்தச் சுழலுக்குப் போதாது. அதனால் இது சொல்லும் அழுத்த இழப்பை வைத்து நான் ஃபேன் தேர்வு செய்வதில்லை. அதற்கு ஓப்பன்ஃபோம் என்ற இன்னொரு மென்பொருள் பக்கம் போகிறேன். கடும் சுழலுக்கு ஏற்ற ரெனால்ட்ஸ் தகைவு மாதிரிகள் அங்கே இருக்கின்றன. அதுவும் இலவசம்தான், ஆனால் திரையில் கிளிக் செய்து வேலை முடியாது, கோப்புகளைக் கையால் எழுத வேண்டும்.

துகளின் வடிவம் அடுத்த குறை. வழக்கமாக எல்லாத் துகளும் உருண்டை. புதிய பதிப்புகளில் சூப்பர்குவாட்ரிக் என்ற நீள்வடிவத் துகள் வந்திருக்கிறது. ஹாப்பரில் நெல் அடைத்துக்கொள்வதைப் பார்க்க அது நன்றாக உதவுகிறது. உமியோ படகு மாதிரி குழிந்த தோல். எடை குறைவு, காற்றில் புரண்டு புரண்டு போகும். அதை நீள்வடிவமாகக் கொடுத்தாலும் ஓட்டம் நிஜத்தோடு ஒத்துவருவதில்லை. திருவாரூரில் 1967இல் நவீன அரிசி ஆலையின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாக இருக்கும் நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பாய்லர் கட்டும் பெல் திருச்சியில் இருக்கிறது. நம் நெல் ரகங்களின் உமிக்கு இழுவிசை அளவுகளை யாராவது முறையாக எடுத்துப் பொதுவில் வைத்தால், அதே நாளில் அந்த எண்களை எம்ஃபிக்ஸில் போட்டு ஓட்ட நான் தயார்.