மாடிக்கு வெப்பத் தடுப்பு ஷீட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: எனக்குப் போனது 42,000 ரூபாய்

ஷீட் விற்ற டீலருக்கு நேற்று மாலைதான் கடைசியாக போன் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இந்தக் கோடையில் இன்னொருவர் ஏமாறக் கூடாது.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு பக்கம், ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். கீழே தறி, மேலே நாங்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. அம்மாவுக்கு 71 வயது. சித்திரை பிறந்ததிலிருந்து வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுத்தான் படுக்கிறார். அவருக்காகத்தான், கத்திரி தொடங்கும் முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

விசாரிக்காமல் வாங்கவில்லை. கிளாஸ் வூல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்தால் வீண். பளபள ஃபாயில் ஷீட்டுக்குப் பக்கத்தில் காற்று இடைவெளி வேண்டும், காரைக்குள் புதைத்தால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. மேலே தளமும் தட்டோடும் போடுவதென்றால் பாரம் தாங்கும் எக்ஸ்.பி.எஸ். (ஒரே கட்டியாக வார்த்த கெட்டி நுரை) ஷீட்தான் சரி, 50 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்று இன்ஜினியர் எழுதியே கொடுத்தார்.

கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு ஆப்பில் தேடினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டீலர். தமிழும் தெலுங்கும் கலந்து அவ்வளவு தன்மையாகப் பேசினார். கையளவு சாம்பிள் அனுப்பினார். நீல நிறம், வழவழவென்று இருந்தது. ஏறி நின்று பார்த்தேன், அமுங்கவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டேன், ஊறவில்லை. அந்தத் துண்டைப் பார்த்துத்தான் நம்பினேன். "ஆப்புல கட்டினா கமிஷன் போகும் அண்ணா, நேரா அனுப்புங்க, 2,000 குறைச்சுக்கிறேன்" என்றார். 605 சதுர அடிக்கு 75 ஷீட். யுபிஐயில் 42,000 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

வண்டி வந்தது இரவு பத்தரைக்கு. கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய கட்டுகள். டிரைவர் அவசரப்படுத்தினார், பிரிக்காமலே மாடியில் ஏற்றிவிட்டோம். காலையில் பிரித்தால் இருபக்கமும் ஃபாயில் ஒட்டிய ஷீட். உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று அப்போதும் நினைத்தேன். மேஸ்திரி மழைநீர்க் குழாய்க்காக ஒரு மூலையை அறுத்தார். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள் பொலபொலவென்று கொட்டி மாடியெல்லாம் பறந்தன. சாதாரண தெர்மாகோல்! எக்ஸ்.பி.எஸ்.ஸை உடைத்தால் உருண்டை வரவே வராது. மளிகைக் கடைத் தராசில் ஒரு முழு ஷீட்டை வைத்தோம்: 480 கிராம். ஏறக்குறைய நான்கடிக்கு இரண்டடி ஷீட், 32 கிலோ அடர்த்தி என்றால் கிட்டத்தட்ட 1,200 கிராம் இருக்க வேண்டும். "இதுமேல தளம் போட்டா அமுங்கி விரிசல் விட்டுடும், நான் போட மாட்டேன்" என்று மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

போன் போட்டேன். முதல் நாள், "பரவாலேது அண்ணா, ஃபாயில் போட்டது இன்னும் நல்லது." மறுநாள், "குடோன்ல மாறிப்போச்சு, பார்க்கிறேன்." மூன்றாம் நாள் குரலே மாறிவிட்டது: "பில்லை எடுத்துப் பாரு, எக்ஸ்.பி.எஸ்.னு எங்கே இருக்கு?" பார்த்தேன். 'இன்சுலேஷன் ஷீட் 75' என்று மட்டும்தான் இருந்தது. கேஸ் போடுவேன் என்றதற்கு, "ஆந்திராவுக்கு வந்து போடு" என்று வைத்துவிட்டார். ஆப்காரர்களிடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று நான்கு தடவையும் ஒரே பதில். 42,000 ரூபாய். இரண்டு தறி ஓடிச் சேர்த்த பணம்.

தடுப்புப் பொருள் ஒவ்வொன்றையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வண்டி நிற்கும்போதே ஒரு ஷீட்டை உடைத்துப் பாருங்கள், எடை போடுங்கள். பில்லில் பொருளின் பெயர், கனம், அடர்த்தி மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அப்புறம், ஆந்திராவுக்கு வா என்றது சுத்தப் பொய். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை பில், சாம்பிள் துண்டு, அறுத்த ஷீட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்குப் போட திருவள்ளூர் போகிறேன்.